தேய்ந்த பட்டடையின் முகம்

ஏர்க்கொழுவும் வண்டிப்பட்டாவும் குதிரை லாடமும் கதவின் கீலும் எந்தக் கருவியின்மேல் கிடந்து அடிபட்டு உருப்பெற்றனவோ, அந்தப் பட்டடையே துருவேறி, முகம் குழிந்து, விளிம்புகள் சிதைந்து, இங்கிலாந்தின் பழைய லாயங்களிலும் அமெரிக்கப் பண்ணைகளின் களஞ்சியங்களிலும் கேட்பாரற்றுக் கிடப்பதைக் காண்கிற ஒருவனுக்கு, அதைத் தேய்த்து மினுக்கி, நேற்றுத்தான் பட்டறையைவிட்டு வந்தது போல ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. நல்லெண்ணத்தில் பிறக்கும் ஆசைதான் அது. ஆயினும் நூறு வருஷத்து மழைக்கும் துருவுக்கும் சாகாத பட்டடைகள் பல, இந்த ஆசைக்கு இரையாகி ஒரே பிற்பகலில் உயிரிழந்திருக்கின்றன. பழைய கொல்லுக் கருவிகளைச் சீர்படுத்துவது எப்படி என்பதைவிட, எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பதே இந்த வித்தையில் கடினமான பாடம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதைச் சொல்லுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மேல்நாட்டில் இக்கருவிகள் மூலைக்குப் போன கதை சுருக்கமானது. மோட்டார் வண்டியும் டிராக்டரும் வந்து குதிரைகள் மறைய, லாடம் கட்டுகிறவருக்கு வேலை போயிற்று. தொழிற்சாலைச் சாமான்கள் மலிந்து கிராமத்துக் கொல்லர் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழைய இரும்பு திரட்டப்பட்டபொழுது எத்தனையோ கருவிகள் உருக்கு உலைக்குப் போய்ச் சேர்ந்தன. எஞ்சியவற்றின்மேல் ஜனங்களின் கண் மறுபடியும் திரும்பியது 1970க்குப் பிறகுதான். அலெக்ஸ் பீலர் என்பவர் 1969இல் ‘தி ஆர்ட் ஆஃப் பிளாக்ஸ்மிதிங்’ என்ற நூலை வெளியிட்டார். 1973இல் ஜார்ஜியா மாகாணத்து லம்ப்கின் என்ற சிற்றூரில், அவர் போன்ற ஆர்வலர்கள் சிலர் கூடி வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கத்தை நிறுவினார்கள். அதன் பின்னர் உலையையும் சம்மட்டியையும் நாடி வந்த புதியவர்களுக்குக் கருவி வேண்டியிருந்தது. பழைய பட்டடைக்கு விலை ஏறியது. விலை ஏறியதும், அழகுபடுத்தி விற்கும் அவசரமும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்த அவசரம் ஏன் தீமை என்பது விளங்க வேண்டுமானால், பட்டடை எப்படிப் பிறந்தது என்பதைச் சற்று நிதானமாகவே பார்க்க வேண்டும். ஷெஃபீல்டை ஒட்டிய மாலின் பிரிட்ஜில், ரிவலின் ஆற்றின் நீர்விசையால் இயங்கிவந்த மவுஸ்ஹோல் பட்டறையும், இங்கிலாந்தின் நடுநாட்டில் டட்லி நகரத்துப் பீட்டர் ரைட் பட்டறையும் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து கீர்த்தி பெற்றவை. அங்கே செய்யப்பட்ட பட்டடை ஒரே வார்ப்பாக அச்சில் ஊற்றி எடுத்ததன்று. தேனிரும்புத் துண்டுகளை வெண்சூடு ஏறக் காய்ச்சி, சம்மட்டிக்காரர்கள் சுற்றி நின்று முறைபோட்டு அடித்து, உடலுக்கு ஒரு கட்டி, கொம்புக்கு ஒரு கட்டி, பின்புறத்து வாலுக்கு ஒரு கட்டி என்று தனித்தனியே திரட்டி, அவற்றை ஒன்றோடொன்று பற்றவைத்து, எல்லாவற்றுக்கும் முடிவில், ஏறக்குறைய அரை அங்குலக் கனமுள்ள எஃகுத் தகடு ஒன்றை மேல்முகமாக வைத்து அடித்து ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு வேறு உலோகம் ஏதும் இல்லை. சூடும் அடியும் மட்டுமே. அத்தனை பாரத்தை உலைக்கும் அடிமேடைக்கும் இடையே தூக்கித் திருப்புவதற்காகப் பட்டடையின் இடுப்பிலும் அடியிலும் சதுரக் குழிகள் இட்டு, அவற்றில் இரும்புக் கம்பியைச் செருகிப் பிடித்தார்கள். இன்றும் அக்குழிகளைப் பழைய ஆங்கிலேயப் பட்டடைகளில் காணலாம். பின்னாளில் அவற்றைச் சேதமென்று எண்ணிச் சிமெண்டாலும் ஈயத்தாலும் அடைத்தவர்கள், செய்தவனின் கைப்பிடித் தடத்தையே அடைத்தார்கள்.

எஃகு முகம் ஒட்டியபின் அதற்குத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். செந்தணலாகக் காய்ந்த அத்தனை பெரிய முகத்தைத் தொட்டி நீரில் அமிழ்த்தினால், சுற்றிலும் நீராவிப் போர்வை எழுந்து குளிர்ச்சியைத் தடுத்துவிடும்; முகம் ஒருபுறம் கடினமாகவும் ஒருபுறம் மெத்தென்றும் போய்விடும். ஆகவே உயரத்திலிருந்து பெருந்தாரையாக நீரை விழச்செய்து, ஆவியை அடித்து விலக்கிக்கொண்டே குளிர்வித்தார்கள். இதனால் முகத்தின் மேற்பரப்பே மிகக் கடினமாகி, கீழே இறங்க இறங்கக் கடினம் குறைந்து, தகட்டுக்குக் கீழே மிருதுவான தேனிரும்பில் சென்று முடிகிறது. பட்டடையின் ஜீவன் முழுவதும் அந்த அரை அங்குலத்தில் இருக்கிறது. அதிலும் மேலான பங்கு அதன் மேற்பாதியில் இருக்கிறது. பின்னால் நான் சொல்லப்போகும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் இந்த ஒரு விவரமே ஆதாரம்.

பட்டடை கைக்கு வந்ததும் முதற்காரியம் அதைப் படிப்பது. பக்கவாட்டில் துருவை மெல்லத் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று எண்கள் தென்படலாம். அவை பழைய ஆங்கிலேய நிறைக் கணக்கு: முதல் எண் 112 பவுண்டு கொண்ட அந்தர், நடு எண் 28 பவுண்டு கொண்ட கால் அந்தர், கடைசி எண் மிச்சப் பவுண்டு. 1·2·10 என்றிருந்தால் 112உம் 56உம் 10உம் கூடி 178 பவுண்டு, அதாவது சுமார் 81 கிலோ. நடு எண் 3ஐயும் கடைசி எண் 27ஐயும் தாண்ட முடியாது. தாண்டினால் எழுத்தைத் தவறாகப் படித்தோம் என்றே பொருள். அமெரிக்கப் பட்டறைகள் பெரும்பாலும் நேரே பவுண்டிலேயே பொறித்தன. முகத்தில் ஒரு சதுரத் துளையும் அதன் அருகே சிறிய வட்டத் துளை ஒன்றும் இருப்பது வழக்கம். சதுரத் துளையில் வெட்டுளி முதலிய அடிக்கருவிகளைச் செருகுவார்கள்; வட்டத் துளை, லாடத்தில் ஆணித்துளை இடும்போது கீழே இடம் கொடுப்பதற்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முற்பட்ட பட்டடைகளில் அந்த வட்டத் துளை பெரும்பாலும் இராது. ஆகையால் துளையில்லை என்று கண்டு துளைபோடப் புறப்படுகிறவர், தம் கையிலுள்ள பொருளின் வயதையே அழிக்கிறார்.

அடுத்தது காது. சிறு சுத்தியலால் முகத்தைத் தட்டினால் நல்ல தேனிரும்புப் பட்டடை கணீரென்று நெடுநேரம் ஒலிக்கும்; எங்கேனும் தகடு உடலைவிட்டுக் கழன்றிருந்தாலோ உள்ளே விரிசல் ஓடியிருந்தாலோ அவ்விடத்தில் ஒலி மழுங்கி அறுந்துபோகும். ஆனால் காதை மட்டும் நம்பிவிடலாகாது. நியூஜெர்சி மாகாணத்து டிரென்டன் நகரில் இருந்த ஃபிஷர்–நாரிஸ் பட்டறையார், எஃகு முகத்தோடு வார்ப்பிரும்பு உடலை வார்க்கும்போதே இணைத்துவிடும் முறையைக் கையாண்டார்கள். கழுகுச் சின்னம் தாங்கிய அந்தப் பட்டடை இயல்பாகவே ஒலிக்காது. தட்டிப் பார்த்து மழுங்கலான சப்தம் கேட்டதும் ‘உடைந்தது’ என்று ஒதுக்கப்பட்ட ஃபிஷர் பட்டடைகள் சிறந்த பட்டடைகளே. அக்கம்பக்கத்தாரின் காதுக்கு இதமாக இருப்பதால் அவற்றையே தேடிப் பிடிக்கிற கொல்லர்களும் உண்டு.

காதுக்கு மேற்பட்ட சாட்சி ஒன்று இருக்கிறது. சைக்கிள் கடையில் கிடைக்கும் பேரிங் குண்டைவிடச் சற்றுப் பெரியதாக ஓர் எஃகுக் குண்டை எடுத்து, அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி, 10 அங்குல உயரத்திலிருந்து முகத்தின்மேல் விட்டுவிட்டால், பதம் கெடாத எஃகு அதை 7 அல்லது 8 அங்குலத்துக்குத் திருப்பி எறியும். முகம் முழுவதும் விரலிடை விரலிடையாக இப்படிச் சோதித்து வரும்போது, ஓரிடத்தில் குண்டு சோர்ந்து விழுந்தால், அங்கே தகடு கழன்றோ பதம் இறங்கியோ இருக்கிறதென்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். முகம் முழுவதுமே சோர்ந்து கிடந்தால் பெரும்பாலும் அது தீவிபத்தில் வெந்த பட்டடை. களஞ்சியம் எரிந்து அதனுள் கிடந்த பட்டடை செந்தணலாகித் தானே ஆறிப்போனால், உருவம் சிறிதும் மாறாமலே அதன் தோய்ச்சல் அடியோடு போய்விடும். வெளியே பார்த்தால் அப்பழுக்கு இல்லாத அழகிய பொருள். உள்ளே வெறும் இரும்பு. குண்டு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனித் தேய்மானத்துக்கு வருவோம். முகத்தின் நடுவே நேர்கோல் ஒன்றை வைத்தால், இரு கோடிகளிலும் படிந்து, நடுவில் வெளிச்சம் தெரிகிற பட்டடைகளே அதிகம். ஒரே கொல்லர் ஒரே இடத்தில் நின்று முப்பது நாற்பது வருஷம் அடித்ததில் எஃகுத் தகட்டின் கீழுள்ள மிருதுவான இரும்பு சிறிது அமுங்கி இந்தப் பள்ளம் உண்டாகிறது. புதிதாக வந்தவர் இதைக் குறையென்று கொள்ளுகிறார். கைதேர்ந்தவரோ வளைந்த சலாகையை நிமிர்த்த வேண்டும்போது இந்தப் பள்ளத்தின் குறுக்கேதான் அதை இடுகிறார். ஏனெனில் இரும்பு ஒரே அடியில் நேராக வேண்டுமானால், நேர்கோட்டுக்குச் சற்று அப்பால் போய்த் திரும்பி வர வேண்டும். சமதளத்தில் அதற்கு இடமில்லை. விளிம்புகளும் அப்படியே. கூரான விளிம்பின்மேல் காய்ந்த இரும்பை மடித்தால் அது உட்புற மூலையில் வெட்டுண்டு, பின்னாளில் அங்கேயே முறியும். ஆகவே நல்ல கொல்லர் புதுப் பட்டடையின் விளிம்பைத் தாமே அரத்தால் உருட்டிக்கொள்வார். நூறு வருஷத்து உழைப்பு ஒரு விளிம்பைத் தானாக உருட்டித் தந்திருக்க, அதை வெல்டிங் வைத்துக் கூராக்குவது எத்தகைய பிரயத்தனம்! கொம்புக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள படியில் வரிவரியாக உளித்தழும்புகள் நிறைந்திருந்தால் அதுவும் ஒழுங்கான உபயோகத்தின் அடையாளமே. வெட்டுவதற்கென்றே மிருதுவாக விடப்பட்ட இடம் அது.

மில்லிங் எந்திரத்தில் ஏற்றி முகத்தைச் சமப்படுத்துவதே மிகப்பெரிய நாசம். கால் அங்குலப் பள்ளத்தை ஒழிக்க வேண்டுமானால், பள்ளமில்லாத இரு கோடிகளிலும் கால் அங்குல எஃகைச் சீவித் தள்ள வேண்டும். அரை அங்குலத் தகட்டில் பாதி போயிற்று, அதுவும் கடினமான மேற்பாதி. போதாதற்கு, கையால் அடித்துச் செய்த பட்டடையின் அடிப்புறம் முகத்துக்குச் சமாந்தரமாக இருப்பதில்லை. எந்திரக்காரர் அடிப்புறத்தை ஆதாரமாக வைத்து மேலே சீவும்போது, ஒரு மூலையில் எஃகு முழுவதும் போய்த் தேனிரும்பு வெளியே தெரிகிறது. அப்படிச் சீவப்பட்ட முகம் கண்ணாடிபோல மின்னும். முதல் நாள் வேலையிலேயே சுத்தியலின் தடம் அதில் குழியாக விழும். இதற்குப் பரிகாரம் கிடையாது. இப்படிக் கெட்ட பட்டடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையான துக்கம் உண்டாகிறது.

அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா என்று கேட்கலாம். விளிம்பு முழுவதும் பெயர்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு வைத்து அடிக்கச் சுத்தமான இடமே இல்லாத பட்டடைக்கு வெல்டிங் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதைப் பட்டடைக்குரிய முறையில் செய்ய வேண்டும். கரிச்சத்து மிகுந்த எஃகு முகத்தின்மேல் குளிர்ந்த நிலையில் வெல்டிங் கம்பியை உருக்கி வைத்தால், கீழேயுள்ள பெரும்பாரம் அந்தச் சூட்டை நொடியில் உறிஞ்சி, ஒட்டின் ஓரத்தைக் கண்ணாடிபோல் நொறுங்கும்படி ஆக்கிவிடுகிறது; சில நாளில் விளிம்பு பழைய எஃகையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. ஆகவே பட்டடை முழுவதையும் முன்கூட்டியே சுமார் 200 டிகிரி சென்டிகிரேடு வரை சீராகச் சூடேற்றி, வேலை முடிகிறவரை அந்தச் சூட்டைத் தாங்கி நிறுத்த வேண்டும். அதற்கு மேலே அதிகம் போகவும் கூடாது. 220ஐத் தாண்டும்போது துலக்கிய எஃகில் வைக்கோல் நிறம் படர்கிறது, 300ஐ எட்டும்போது நீலம் படர்கிறது, நீலம் வந்த இடத்தில் முகத்தின் கடினம் இறங்கிவிட்டது. எஃகுக்கு ஏற்ற கம்பியால் சிறிது சிறிதாக இட்டு, இட்ட இடத்தைச் சூடு ஆறுமுன் சிறு சுத்தியலால் தட்டி இறுக்கத்தைத் தளர்த்தி, முடிந்ததும் சாம்பலிலோ சூடு காக்கும் போர்வையிலோ புதைத்து, மறுநாள் வரை மெல்ல ஆறவிட வேண்டும். இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர், விளிம்பு நன்றாக இருக்கும் பக்கம் திரும்பி நின்று வேலை செய்வது உத்தமம்.

துரு நீக்குவதில் இவ்வளவு அபாயம் இல்லை. கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் பெரும்பாலான பட்டடைகளுக்குப் போதும். குறடு, உளி, பழைய சுத்தியல் தலை போன்ற சிறு கருவிகளைக் காடியில் ஓரிரு நாள் ஊறவைத்துச் சோடா நீரில் கழுவலாம். ஊறும் நேரம் மிஞ்சினால் காடி நல்ல இரும்பையும் அரிக்கத் தொடங்கும். எனக்குப் பிடித்தது மின்சார முறை. பிளாஸ்டிக் தொட்டி நிறைய நீரில், 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவை சோடாவைக் கரைத்து, கருவியைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி தொங்கவிட்டால், கருவியின்மேல் நுண்ணிய குமிழிகள் எழுந்து, செந்துரு தளர்ந்து கறுப்புப் பொடியாக மாறுகிறது. நல்ல இரும்பில் ஒரு துளியும் குறைவதில்லை. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை மாட்டக் கூடாது. நீரில் நச்சுள்ள குரோமியம் கலந்துவிடும். எழுகிற குமிழி ஹைட்ரஜன் ஆதலால் திறந்த வெளியில், நெருப்புக்கு அப்பால் இதைச் செய்ய வேண்டும். பழைய சாயப்பூச்சு இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சுட்டு நீக்குவதும் சாணைபிடித்துப் பொடியாக்குவதும் சுவாசத்துக்குக் கேடு.

இப்படிக் கழுவி எடுத்த தேனிரும்பைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். கசடு இழைகள் உள்ளே நீள நீளமாக ஓடுவதால், துரு அவற்றின் வழியே அரித்துச் சென்று, இரும்பின்மேல் தேக்குமரத்தின் ரேகைகளைப் போலத் தடங்களை விட்டிருக்கும். அந்தத் தடங்களின் போக்கைக் கொண்டே, கொம்பு எங்கே உடலோடு ஒட்டப்பட்டது, இழை எப்பக்கம் திரும்பியது என்று சொல்லிவிடலாம். சாணையை ஒருமுறை ஓட்டினால் இந்தச் சரித்திரம் முழுவதும் மறைந்துபோகும்.

பட்டடைக்கு அடுத்தபடி என் மனத்தைக் கவர்ந்தது காலுள்ள வைஸ். சாதாரண வைஸ் மேசையோடு நின்றுவிடுகிறது. கொல்லருடைய வைஸோ நீண்ட இரும்புக் காலொன்றைத் தரைவரை இறக்கி ஊன்றி நிற்பதால், அதில் பிடித்த காய்ந்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது அந்த அதிர்ச்சி மேசைக்குப் போகாமல் பூமிக்குப் போகிறது. இதன் திருகு இறுகிக் கிடந்தால் அது துருவாகவே இருக்க வேண்டியதில்லை. பழைய கிரீஸ் காய்ந்து கல்லாகிப்போனதும் அப்படியே பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயை ஊற்றி ஓரிரு நாள் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்கமாட்டாதவர் வாயுச்சுடரை ஏந்துகிறார், அங்கேதான் ஆபத்து. பழைய வைஸ்களில் திருகு நுழையும் குழலின் உட்புரியைக் கடைசல் எந்திரத்தில் வெட்டவில்லை. சதுர இரும்புக் கம்பியைத் திருகின் பள்ளங்களினூடே சுற்றி, சுருளாக எடுத்து, குழலுக்குள் செருகி, பித்தளை உருக்கிப் பற்றவைத்தார்கள். குழலைச் செந்தணலாகக் காய்ச்சினால் அந்தப் பித்தளை இளகிப் புரி முழுவதும் கழன்றுவிடும். குழலைக் கழற்றி, உள்ளே வெளிச்சத்தைச் செலுத்திப் பார்த்தால், இரும்புச் சுருளுக்கும் குழலுக்கும் நடுவே பித்தளை மஞ்சள் கோடாக ஓடுவது தெரியும். யார் என்று பெயர் தெரியாத அந்தத் தொழிலாளியின் சாமர்த்தியத்தை அந்த ஒரு கோட்டில் கண்டுகொள்ளலாம்.

இவ்வைஸ்களில் தாடைகளை விலக்கித் திறக்கும் வில் தொலைந்திருப்பது சகஜம். தட்டையான வில்லெஃகுத் துண்டை வளைத்துப் புதிது செய்துகொள்வது ஒரு மணி நேர வேலை. தாடைகள் ஒன்றுக்கொன்று கோணிநின்றால், அச்சாணியின் இருபுறமும் மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்யலாம்.

சுத்தியல்களைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடிபட்டு அடிபட்டு ஓரம் குடைபோல விரிந்த சுத்தியலையும் உளித்தலையையும் மட்டும், புராதனம் என்று அப்படியே விட்டுவிடலாகாது; அந்த விரிந்த ஓரத்திலிருந்து தெறிக்கும் எஃகுத் துணுக்கு கண்ணில் பாய்ந்தால் பார்வை போய்விடும். அதைச் சாணையில் சுற்றிலும் உருட்டிவிட வேண்டும். இடையிடையே நீரில் நனைத்து நீலம் படராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காம்புக்கு இங்கிலாந்தில் ஆஷ் மரமும் அமெரிக்காவில் ஹிக்கரி மரமும் வழக்கம். எந்த மரமானாலும் இழை குறுக்கே ஓடாமல் நீளவாக்கில் ஓட வேண்டும். காம்பைத் தலையில் ஏற்றி ஆப்பு இறுக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது மட்டும் கூடாது; அது காற்றோடு கலந்து தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. குறடுகளில் ஆணி தளர்ந்திருந்தால் காய்ச்சித் தட்டினால் போதும். தேனிரும்புக் குறட்டின் வாயைத் திருத்தும்போது மஞ்சள் சூட்டுக்குக் குறையாமல் வைத்து அடிக்க வேண்டும். சூடு குறைந்தால் இழை இழையாகப் பிளந்துபோகும்.

நம் ஊர்க் கொல்லர்களுக்கு இந்த அறிவு புதிதன்று. தரையோடு தரையாகப் புதைத்த சிறு பட்டடையின் முன் குந்தியிருந்து, தேய்ந்த ஏர்க்கொழுவுக்கு நுனி வைத்துக் கொடுத்தவர்களும், வாய் மழுங்கிய மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் உருக்கு வைத்து அடித்துக் கொடுத்தவர்களும், தேய்ந்த இடத்துக்கு மட்டும் இரும்பு சேர்த்து, தேயாத இடத்தைத் தொடாமலே விட்டார்கள். குடியானவனின் பாட்டனார் பிடித்த அதே மண்வெட்டி, வாய் மட்டும் பலமுறை மாறி, பேரனின் கையிலும் வேலை செய்தது. மேல்நாட்டுப் பழம்பொருள் வியாபாரத்தில் காணப்படாத இந்த நிதானத்தை அங்கேதான் முழுமையாகக் காண்கிறேன்.

சீர்படுத்தின பட்டடைக்குக் கறுப்புச் சாயம் அடிப்பது இப்போது பரவியிருக்கும் மற்றொரு வழக்கம். அது விரிசலையும் மறைக்கும், வெல்டிங் ஒட்டையும் மறைக்கும்; வாங்குகிறவர் சாயத்தின் கீழே என்ன இருக்கிறதென்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. பக்கங்களைச் சற்றே வெதுவெதுப்பாக்கி, ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து மெல்லியதாகத் தேய்த்தால், துரு வராமலும் எழுத்துகள் தெளிவாகவும் இருக்கும். முகத்துக்கு அதுவும் வேண்டாம்; தினமும் அடிபடுகிற முகத்தில் துரு தங்குவதில்லை. பின்பு அதை உறுதியான மரக்கட்டையின்மேல், நின்றபடி விரல்களை மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் விரற்கணுக்கள் முகத்தைத் தொடுகிற உயரத்தில் நிறுத்தி, இரும்புப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் சில நாள் சிறு வேலைகளை மட்டும் அதில் செய்வது நல்லது. பழைய ஒட்டுகளில் எங்கேனும் விரிசல் ஓடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.